தரவுக் களஞ்சியம்

நுழையும்முன்
ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழியக்கூடியவை. தலைமுறைதோறும் படியெடுத்தவர்களாலேயே பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன. இன்று எழுத்தும் ஒலியும் படமும் கணினியின் வன்தட்டுகளில் உறைகின்றன. ஊடகம் மாறினும் காக்கும் கடமை மாறவில்லை. பெருந்தரவுகளைக் காக்கும் வன்தட்டுகளைத் தேர்ந்து கையாளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மீண்டும் கிடைக்காத பதிவு
தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையில் உள்ள பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒன்றிய அரசு 2015ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை நிறுவுவது திட்டம். மலையும் நீர்வளமும் கெடும் என மக்கள் எதிர்த்தனர். தமிழ்நாடு அரசும் 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. உணர்கருவியின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி மதுரையில் நிறுவப்பட்டு, அண்டக்கதிர்களைப் பதிவு செய்தது.

நியூட்ரினோ பிற பொருளோடு மோதுவது மிக அரிது. பல்லாண்டு காத்திருந்து பெறும் பதிவு அழிந்தால், அந்நிகழ்வை மீண்டும் நடத்திக்காட்ட இயலாது. ஆகவே, தரவைத் திரட்டுவதற்கு ஒப்பானது அதனைக் காப்பது. போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் மின்னணு ஏலத்தின் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

கொள்ளளவும் வேகமும்
அணையில் உள்ள நீரின் அளவு மட்டும் போதாது. மதகு வழியே ஒரு நாளில் எவ்வளவு நீர் வரும் என்பதும் தெரிய வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் இதனை நன்கறிவர். வன்தட்டும் அத்தகையதே. 1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவி, 50 தட்டுகள் கொண்டிருந்தும் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்றோ ஒரே வன்தட்டு 30 டெராபைட்டுக்கும் மேல் கொள்கிறது. ஆனால், வேகம் அதே அளவிற்கு வளரவில்லை. வினாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் 24 டெராபைட் வன்தட்டை முழுதும் படிக்க 96,000 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும்.

தேர்ந்தெடுத்தல்
சில வன்தட்டுகள் தம் தடங்களைக் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதுகின்றன. இதனால் கொள்ளளவு கூடும். ஆனால், நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்துள்ளவற்றையும் அகற்ற வேண்டியிருப்பதுபோல், ஒரு பகுதியைத் திருத்தினால் அடுத்த தடங்களையும் மீண்டும் எழுத நேரிடும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் ஆவணங்களுக்கு இவை ஏற்றவை. இடையறாது மாறும் கணக்குகளுக்கு ஏற்றவையல்ல. மேலும், ஒரே அடுக்கில் பல வன்தட்டுகள் சுழலும்போது எழும் அதிர்வைத் தாங்கி, இரவும் பகலும் இயங்குவதற்கென உருவாக்கப்பட்டவற்றையே நிறுவனங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செம்மையாக அமைத்தல்
பெருநிறுவனங்கள் பல வன்தட்டுகளை ஓரணியாக இணைக்கின்றன. ஒன்று பழுதானால், மற்றவற்றிலுள்ள தரவிலிருந்து அதன் உள்ளடக்கம் கணக்கிட்டு மீட்கப்படும். மீட்பு ஒரு நாளுக்கும் மேல் நீள்வதால், அதற்குள் இன்னொன்றும் பழுதாகலாம். எனவே, இரு வன்தட்டுகளின் இழப்பைத் தாங்கும் அமைப்பே பாதுகாப்பானது.

வீட்டுக் கணினியின் வன்தட்டு, படிக்க இயலாத இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயலும். அணியிலோ அத்தாமதம் தீங்காகும். வன்தட்டே பழுதானதாகக் கருதி அமைப்பு அதனை விலக்கிவிடும். ஆகவே, சில வினாடிகளில் முயற்சியைக் கைவிடுமாறு அதனை அமைப்பர். குறித்த கால இடைவெளியில் எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பதும் இன்றியமையாதது.

எனினும், அணி காப்புப்படி ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பையும் தீயில் கருகிய அறையையும் அது மீட்டுத்தராது. வேறோர் ஊரில் வைக்கப்பட்ட படியே இறுதிக் காவல். சுவடியைப் படியெடுத்த முன்னோர் வழியும் அதுவே.

தெரிந்து தெளிவோம்
காற்றுக்கு மாற்றாக ஹீலியம் வாயு நிரப்பப்பட்ட வன்தட்டுகள் 2013ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. ஹீலியத்தின் அடர்த்தி காற்றினதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. உராய்வு குறைவதால், மெல்லிய தட்டுகளைக் கூடுதலாக அடுக்க முடிகிறது.

கற்பவை கற்றபின்
1. வினாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் 18 டெராபைட் வன்தட்டைப் படிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிடுக.
2. 'அணி காப்புப்படி ஆகாது' - விளக்குக.
3. உங்கள் பள்ளியின் ஆவணங்களைக் காக்கத் திட்டமொன்று வகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.