நாற்பது வயதில் ஓர் இறுதியாட்டம்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ராத்தாவின் வலைப்பந்துச் சப்பாத்து இன்னும் இருக்கிறது. மாகாண மட்டம் வரை விளையாடியவர். திருமணமானதும் "இனி என்ன விளையாட்டு?" என்று எல்லோரும் கேட்டார்கள். பிறகு அவரும் அப்படியே கேட்கத் தொடங்கினார். டொரோத்தியா லம்பேர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய டெனிஸ் வீராங்கனையைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தச் சப்பாத்துத்தான் ஞாபகம் வந்தது.

1878 இல் ஈலிங் என்ற ஊரில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்த டொரோத்தியா டக்ளஸ், 1903, 1904, 1906 ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1907 இல் திருமணம் செய்தார். அவ்வாண்டு அமெரிக்க வீராங்கனை மே சட்டனிடம் பட்டத்தை இழந்தார். ஆனால் 1908 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றார்.

பின்னர் தாயானார், மீண்டும் களத்துக்கு வந்தார். 1910, 1911, 1913, 1914 என மேலும் நான்கு பட்டங்கள். 1911 இறுதிப் போட்டியில் டோரா பூத்பியை 6-0, 6-0 என வென்றார். அவருக்குப் பின் ஒரு தாய் அப்பட்டத்தை வெல்ல 1980 வரை, இவோன் கூலகோங் வரை, உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்காலப் பெண்கள் நீண்ட கையுள்ள சட்டையும் கணுக்கால் வரை நீண்ட பாவாடையும் அணிந்தே ஆடினர். 1910 இல் பெண்களுக்காக அவர் எழுதிய டெனிஸ் நூலில், பாவாடை தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்ந்திருப்பது ஓட வசதி என்று ஆலோசனை கூறினார். உடற்பயிற்சி பெண்ணுக்குக் கேடு என்ற எண்ணத்தையும் அதில் மறுத்தார்.

உலகப் போர் முடிந்து 1919 இல் விம்பிள்டன் மீண்டும் தொடங்கியபோது அவருக்கு வயது 40. எதிரே 20 வயதுப் பிரெஞ்சு வீராங்கனை சூசான் லெங்லென். மன்னரும் அரசியாரும் பார்த்திருக்க, மூன்றாவது செட்டில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற வாய்ப்பு டொரோத்தியாவுக்கு இருமுறை கிடைத்தது. இரண்டும் தவறின. 10-8, 4-6, 9-7 என லெங்லென் வென்றார். அதோடும் டொரோத்தியா நிற்கவில்லை. 1925 இல் தமது 46 ஆவது வயதில், அமெரிக்காவுக்கு எதிரான வைற்மன் கிண்ணப் போட்டியில் எலினோர் கொஸ்ஸை வென்றார். 1928 இல் பயிற்றுநரானார்.

இக்கட்டுரையை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, "அவவுக்குப் புள்ளயப் பாக்க ஆள் இருந்திருக்கும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆற்றல் மட்டும் ஒரு பெண்ணை மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவராது. வீட்டில் ஒருவர் இடம்விட்டுக் கொடுக்கவும் வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மாலையில் ஒரு மணிநேரம் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டேன்.