அன்னாசியில் வாடலும் குருத்தழுகலும்

கொல்லிமலையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து இளம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராகவும் அன்னாசி பயிரிடப்படுகிறது. பக்கக் கன்று நட்டுப் பழம் பறிக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். இடையில் செடி செத்தால் அதுவரை இட்ட எருவும் கொடுத்த கூலியும் வீண். இவ்வாறு செடியைச் சாகடிக்கும் நோய்களுள் முக்கியமானவை இரண்டு. இரண்டிலும் இலை மஞ்சளாகும். ஆனால் காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

கண்டறியும் முறை

நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். குருத்து மட்டும் கழன்று வந்து, அடியில் அழுகிய நாற்றம் வீசினால் அது குருத்தழுகல். குருத்து உறுதியாக இருந்து, இலைகள் செம்மஞ்சளாகி ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, வேர்கள் மடிந்திருந்தால் அது வாடல் நோய். வாடல் பெரும்பாலும் வயலின் ஓரச் செடிகளில்தான் முதலில் தென்படும்.

குருத்தழுகல்

நீர் தேங்கும் மண்ணில் வளரும் பூசண வகையால் இது வருகிறது. அன்னாசியின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. இலைகளோ மழைநீரைக் குருத்துக்கே வழித்து விடுகின்றன. ஆகவே மேட்டுப்பாத்தி அமைத்து வடிகால் எடுக்க வேண்டும். கன்றுகளை நிழலில் சில நாட்கள் உலர்த்தி, வெட்டுவாய் ஆறிய பின் நடவேண்டும். நடும்போதும் களையெடுக்கும்போதும் குருத்துக்குள் மண் விழலாகாது. அழுகிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

வாடல் நோய்

இலையடியிலும் வேரிலும் ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியும், அது பரப்பும் நச்சுயிரியும் சேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றன. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்கும். செடிக்குச் செடி தூக்கிச் செல்வதும் உண்டு. எறும்புப் புற்றுகளை அழித்தால் மாவுப்பூச்சியும் குறையும். இலையடியில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து பூச்சியை எளிதில் எட்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாடிய செடி சில வேளை புதுவேர் விட்டுத் தேறிவிடும். நோய் நீங்கிவிட்டதென்று எண்ணி அதன் கன்றை எடுத்து நடலாகாது. நச்சுயிரி கன்றுக்குள்ளேயே இருக்கும். அடுத்த வயலுக்கும் நோய் போய்விடும்.

கன்றுத் தேர்வு

வாடல் காணாத வயலிலிருந்தே, 300 முதல் 350 கிராம் எடையுள்ள கன்றுகளைத் தேர்ந்தெடுங்கள். அடியிலைகள் சிலவற்றை உரித்துப் பாருங்கள். வெண்மாவு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். விலை மலிவு என்று பார்க்காமல், கன்று எடுத்த வயலை நேரில் பார்த்த பின்னரே வாங்குங்கள்.