ஐந்தும் ஒரே கம்பெனியா?

கேள்வி: என்னிடம் நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. வேறு கம்பெனி ஸ்பீக்கர்களைச் சேர்த்து 5.1 ஹோம் தியேட்டர் அமைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முன்வரிசை மூன்றில் மட்டும் கலப்படம் வேண்டாம். திரையில் கார் இடமிருந்து வலம் பாயும்போது நடுவில் ஒலியின் குணம் மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். வசனம் பெரும்பாலும் வருவதும் நடு ஸ்பீக்கரில்தான். எனவே அதை உங்கள் ஜோடியின் அதே வரிசையில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், ரிசீவரில் 'சென்டர் இல்லை' என்று அமைத்துவிடுங்கள். வசனம் இரு பக்கமும் பிரிந்து, சரிநடுவில் உட்காருபவருக்கு நடுவிலிருந்தே கேட்கும். பின்பக்க ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் எந்தக் கம்பெனியானாலும் சரி. ஓம் அளவு மட்டும் ரிசீவர் குறிப்பிடுவதைவிடக் குறையக் கூடாது. சத்த ஏற்றத்தாழ்வை ரிசீவரோடு வரும் மைக் சமன்செய்துவிடும்.