நைல் வழியே சிக்கனமாக

கேள்வி: எகிப்தின் பழங்கோயில்களை நைல் நதி வழியே, சுற்றுலா நிறுவனத்தை நாடாமல் சிக்கனமாகப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு ரயிலில் போய், அங்கே ஃபெலூக்கா என்னும் பாய்மரப் படகைப் பேசிக்கொள்ளுங்கள். நைல் வடக்கு நோக்கி ஓடுவதால், காற்று ஓய்ந்தாலும் நீரோட்டமே படகைக் கொண்டுசெல்லும், டீசல் செலவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்தால் வாடகையும் பிரிந்துவிடும். கழிப்பறை கிடையாதே, குளிர்கால இரவில் திறந்த படகில் படுப்பதா என்று கேட்டால், நியாயமான தயக்கம்தான். அதனால்தான் லக்சர் வரை படகில் போகாமல், சுமார் 45 கி.மீ. தொலைவிலுள்ள கோம் ஓம்போவில் இறங்கிவிடச் சொல்கிறேன். முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் வல்லூறுத் தெய்வமான ஹோரஸுக்கும் சரிபாதியாக, இரட்டை வாசலோடு எழுப்பிய கோயில் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. பக்கத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய முதலைகளைத் தவறவிடாதீர்கள். அங்கிருந்து எட்ஃபூ, லக்சருக்கு ரயில் உண்டு.