இருண்ட திரை

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை இரவு. என் அக்காள் மகன் கைப்பேசியில் அழைத்தான். அவன் படிவம் நான்கில் பயில்கிறான். "மாமா, என்னை ஏமாற்றிவிட்டார்கள்!" என்றான். குரல் தழுதழுத்தது.

நடந்தது இதுதான். பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்திற்காக அவன் ஒரு குறும்படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்த மேசைக் கணினி அந்த வேலைக்குத் திணறியது. அதனால், இரவுச் சந்தையில் பெரியப்பாவின் கடையில் உதவிச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்திய வரைகலை அட்டையை 300 ரிங்கிட் கொடுத்து வாங்கினான். அதைப் பொருத்திக் கணினியை முடுக்கியபோது மின்விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் இருண்டே கிடந்தது. விற்றவருக்கு அனுப்புவதற்காகக் காரசாரமான குறுஞ்செய்தி ஒன்றையும் எழுதி வைத்திருந்தான்.

"அதை இப்போது அனுப்பாதே, தம்பி. நாளைக் காலையில் வருகிறேன்," என்றேன்.

கிராஃபிக் கார்டு என்று நாம் பேச்சில் குறிப்பிடும் வரைகலை அட்டை, கணினியின் கணக்குகளைப் படமாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. தாய்ப்பலகையில் உள்ள நீண்ட செருகுவாயில் அது பொருந்தி நிற்கும். மின்வழங்கி, தாய்ப்பலகை, அட்டை, வடம், திரை ஆகியவை ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் திரை இருண்டுவிடும். எது விட்டுப்போனது என்பதை அந்த இருட்டு நமக்குச் சொல்லாது. விசிறி சுழல்வதும் அப்படித்தான். ஏதோ ஒரு வழியில் மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. அட்டை நலமாக இருப்பதற்கன்று.

மறுநாள் முதலில் திரையைத்தான் சோதித்தோம். அதன் வடத்தைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகியதும் படம் தெளிவாகத் தோன்றியது. திரையும் வடமும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின.

அடுத்துக் கணினிப் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தோம். அங்கே படவடத்தைச் செருகும் துளைகள் இரண்டு இடங்களில் இருந்தன. மேலே, யூ.எஸ்.பி. துளைகளுக்கு அருகில் இருப்பவை தாய்ப்பலகைக்கு உரியவை. கீழே தனியாக இருப்பவை அட்டைக்கு உரியவை. வடம் மேலே இருந்த துளையில் செருகியிருந்ததாக அவன் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அட்டை ஒன்று பொருத்தப்பட்டதும் பல தாய்ப்பலகைகள் தங்கள் சொந்தப் படத்துளையை நிறுத்திவிடும். வடத்தைக் கீழே மாற்றினோம். சிக்கல் அத்துடன் தீர்ந்தது என்றே நானும் நினைத்தேன். திரை அசையவில்லை.

இனிப் பெட்டியைத் திறக்க வேண்டும். சுவரிலுள்ள மின்விசையை அடைத்து, செருகியைப் பிடுங்கிவிட்டு, கணினியின் முடுக்குப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். எஞ்சியிருக்கும் மின்சாரம் வடிவதற்காக இப்படிச் செய்ய வேண்டும். பிறகு பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்கிக்கொண்டோம். ஒன்றை மறவாதீர்கள்: மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்கள் ஒருபோதும் திறக்கக்கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அட்டையைக் கழற்றிவிட்டு, வடத்தை மீண்டும் தாய்ப்பலகையின் துளையில் செருகிக் கணினியை முடுக்கினோம். திரை ஒளிர்ந்தது!

அவன் முகமோ வாடியது. "அப்படியென்றால் அட்டைதானே பழுது, மாமா?"

"அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதே. தாய்ப்பலகை, நினைவகம், செயலி மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பது தெரிந்தது. மிச்சம் இருப்பவை அட்டை, அது நிற்கும் செருகுவாய், அதற்கு வரும் மின்சாரம்."

எல்லாக் கணினிகளிலும் இந்தச் சோதனை பலிக்காது. செயலிக்குள்ளேயே வரைகலைப் பகுதி இருந்தால்தான் தாய்ப்பலகையின் துளையில் படம் வரும். எடுத்துக்காட்டாக, பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்துடைய இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் அப்பகுதி இயங்காது. அத்தகைய கணினி உங்களிடம் இருந்தால், தாய்ப்பலகையில் சிறு விளக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலவற்றில் சி.பி.யூ., டி.ரேம், வி.ஜி.ஏ., பூட் என்ற நான்கு இருக்கும். வி.ஜி.ஏ. விளக்கு அணையாமல் எரிந்தால் தடை வரைகலைப் பகுதியில் இருக்கிறது என்று பொருள்.

மின்சாரத்தை மறுபடி துண்டித்து, அட்டையின் பொன்னிற முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தோம். நம் நாட்டு ஈரக்காற்றில் தூசு எளிதில் ஒட்டிக்கொள்ளும். செருகுவாயின் பூட்டு 'டக்' என்று விழும்வரை அட்டையை நேராக அழுத்தினோம். மீண்டும் இருட்டு. அவன் பொறுமையிழந்து மற்ற எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றலாம் என்றான். நான் இணங்கவில்லை. பலவற்றை ஒன்றாக மாற்றினால், படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

எஞ்சியது மின்சாரம். தாய்ப்பலகையின் செருகுவாய் ஓர் அட்டைக்கு அதிக அளவாக 75 வாட் மின்திறனைத்தான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகள் மின்வழங்கியிலிருந்து தனிவடம் வழியாகப் பெறுகின்றன. ஆறுமுனை வடம் 75 வாட், எட்டுமுனை வடம் 150 வாட் என்பது வகுக்கப்பட்ட அளவு. இவனுடைய அட்டையில் எட்டு துளைகள். மின்வழங்கியிலிருந்து வந்த வடத்தின் நுனியோ, இருவகை அட்டைகளுக்கும் பொருந்தும்படி ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருந்தது. ஆறுமுனைத் துண்டு ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது. இருமுனைத் துண்டு கம்பிக்கட்டின் பின்னால் ஒளிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆறு நுழைந்ததும் போதும் என்று நினைத்துவிட்டேன்," என்றான் மெதுவாக.

எட்டுமுனை வடம் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை அட்டை அறிந்துகொள்வது அந்த இருமுனைத் துண்டின் வழியாகத்தான். அது இல்லையென்றால் பல அட்டைகள் இயங்க மறுத்துவிடும். இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துச் செருகி, பொத்தானை அழுத்தினோம். இரண்டு மூன்று நொடிகளில் தயாரிப்பாளரின் சின்னம் திரையில் மலர்ந்தது. அவன் போட்ட கூச்சலில் அக்காள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

அப்போதும் படம் வராமல் இருந்திருந்தால், அட்டையை நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்திப் பார்த்திருப்போம். அங்கும் இயங்காவிட்டால் விற்றவரிடம் முறையிடுவதில் தவறில்லை. என்னென்ன சோதித்தோம் என்பதையும் எழுதினால் அவரால் மறுக்க இயலாது.

அவன் கைப்பேசியை எடுத்து, முதல் நாள் எழுதிய செய்தியை ஒருமுறை படித்தான். காது சிவந்தது. அதை அழித்துவிட்டு, "அட்டை நன்றாக வேலை செய்கிறது, நன்றி அண்ணா," என்று எழுதி அனுப்பினான்.

மேசையைத் துடைத்தபோது ஒரு திருகாணி கிடந்தது. "இது எங்கே போகும், மாமா?" என்றான். அட்டையைப் பெட்டியின் சட்டத்தோடு இறுக்கும் திருகாணி அது. அது இல்லாவிட்டால் கனமான அட்டை நாளடைவில் தொங்கிவிடும். கணினியை மறுபடியும் அணைத்து, செருகியைப் பிடுங்கினோம்.