வேரில் இருக்கும் பாக்டீரியா இலையைக் காக்குமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நடுகிறோம். ரகம் பி.பி.டி. மார்கழிப் பனி இறங்கியதும் குலை நோய் வந்துவிடுகிறது. விதை நேர்த்திக்குச் சூடோமோனாஸ் பொடி போடச் சொன்னார்கள். போன வருடம் போட்டோம், ஓரளவு பரவாயில்லை. ஆனால் வேரில் போய் ஒட்டிக்கொள்கிற கிருமி இலையில் வருகிற நோயை எப்படித் தடுக்கும்? இது மருந்தா, உரமா? பக்கத்து வயல்காரர் இலையில் புள்ளி விழுந்த பிறகு பொட்டலம் பொட்டலமாக வாங்கித் தெளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. காசை மண்ணில் கொட்டுகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.
- ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. விஞ்ஞானிகளுக்கே இது 1991 வரை தெளிவாகவில்லை.

தழைச்சத்துக்கு நீங்கள் போடும் அசோஸ்பைரில்லம் உர வகை. சூடோமோனாஸ் அந்த வகையில் சேராது. பூஞ்சாணக் கொல்லியைப் போல இலையில் உள்ள நோயைக் கொன்று தீர்ப்பதும் இல்லை. பயிரைத் தன் நோயைத் தானே எதிர்க்கத் தயார்ப்படுத்துவதுதான் இதன் முக்கியமான வேலை. பூஞ்சாணத்தோடு மல்லுக்கட்டுவது கடைசியில் உங்கள் நெல்தான்.

வேரிலிருந்தே தொடங்குவோம். இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் பயிர் வேர் வழியாக மண்ணில் கசிய விடுகிறது. அதைத் தின்ன பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றி மொய்க்கின்றன. வேரை ஒட்டிய இந்த மண் தனி உலகம் என்று கண்டு, 1904இல் அதற்குப் பெயர் வைத்தவர் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர். அங்கே வாழும் சில சூடோமோனாஸ்கள் மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வாரிக்கொண்டு நோய்ப் பூஞ்சாணங்களைப் பட்டினி போடும். சில, பூஞ்சாணத்தைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும். வேரழுகல், வாடல் போன்ற மண்வழி நோய்கள் குறைவதற்கு இந்த விளக்கமே போதுமானதாக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்பது இலை நோயைப் பற்றி. அதற்கு இது போதாது.

1991இல் நெதர்லாந்தில் வான் பீர், நீமன், ஸ்கிப்பர்ஸ் ஆகியோர் கார்னேஷன் பூச்செடியில் ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவை வேரில் இட்டார்கள். வாடல் நோய்ப் பூஞ்சாணத்தைத் தண்டுக்குள் செலுத்தினார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. அப்படியும் பாக்டீரியா இட்ட செடிகளில் வாடல் குறைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் வே, க்ளோப்பர், டூசுன் மூவரும் வெள்ளரியில் இதையே கண்டார்கள். பாக்டீரியாவால் நேர்த்தி செய்த விதையிலிருந்து வந்த செடியின் இலையில் ஆந்த்ராக்னோஸ் புள்ளிகள் குறைந்தன. பாக்டீரியா பூஞ்சாணத்தின் பக்கமே போகவில்லை என்றால், காத்தது செடியேதான். வேரில் கிடைத்த ஏதோ ஒரு சேதி இலைவரை ஏறியிருக்கிறது.

அந்தச் சேதி எந்த வழியாக ஏறுகிறது என்பதை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கார்னே பீட்டர்ஸும் அவருடைய குழுவினரும் 1990களில் ஆராய்ந்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். நோய் தாக்கிய செடி வழக்கமாகச் சாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு மற்ற இலைகளை எச்சரிக்கும். வேர் பாக்டீரியா தரும் எதிர்ப்புக்கு அந்த அமிலம் தேவைப்படவில்லை. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களின் பாதை அது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் செடியின் சிக்கனம். பாக்டீரியா வேரில் குடியேறிய பிறகும் இலையில் பெரிய மாற்றம் தெரியாது. நோய் வந்து இறங்கும்போதுதான், தயாராக இல்லாத செடியைவிட இது விரைவாகவும் பலமாகவும் எதிர்க்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்போடு இதை ஒப்பிடலாம். ஆனால் தடுப்பூசியைப் போல ஒரே ஒரு கிருமிக்கு என்று இல்லாமல் பல வகை நோய்களுக்கு எதிராக இது வேலை செய்கிறது. எதிர்ப்புப் பொருள்களை நாள் முழுதும் தயாரித்துக்கொண்டே இருந்தால் கதிருக்குப் போக வேண்டிய சத்து அதிலேயே கரைந்துவிடும். அந்த நஷ்டம் இங்கே குறைவு.

நெல்லுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரன் குழுவினர் பி.எஃப். 1 என்ற சூடோமோனாஸ் வகையை நெல்லில் பயன்படுத்தி, இலைகளில் பாக்டீரியா கருகலுக்கு எதிர்ப்பு தூண்டப்படுவதை 2001இல் வெளியிட்டார்கள். அங்கேயே சமியப்பன் உள்ளிட்ட குழுவினர் இலையுறைக் கருகலிலும் காட்டினார்கள். டால்க் பொடியில் பாக்டீரியாவைக் கலந்து பொட்டலமாக விவசாயி கையில் கிடைக்கும்படி செய்ததிலும் கோவைக்குப் பெரிய பங்கு உண்டு.

வேர் இந்தப் பாக்டீரியாவை எப்படி உள்ளே விடுகிறது என்பதும் வியப்பானது. நல்ல பாக்டீரியாவுக்கும் கெட்ட பாக்டீரியாவுக்கும் நீந்துவதற்கு வால் உண்டு. அந்த வாலின் புரதத்தைக் கண்டதுமே வேர் எதிரி என்று எண்ணி எதிர்ப்பைத் தொடங்கிவிடும். 2019இல் உட்ரெக்ட் குழு கண்டது இது: சில சூடோமோனாஸ்கள் குளுக்கோனிக் அமிலத்தைச் சுரந்து வேரைச் சுற்றிப் புளிப்பைக் கூட்டுகின்றன. அதனால் வேரின் எதிர்ப்பு அந்த இடத்தில் மட்டுப்படுகிறது. பாக்டீரியா தங்குகிறது.

இப்போது பக்கத்து வயலுக்கு வருவோம். புள்ளி விழுந்த பிறகு தெளித்தார் என்கிறீர்கள். பூஞ்சாணம் இலைக்குள் நுழைந்துவிட்ட பிறகு பயிரைத் தயார்ப்படுத்துவதற்குக் காலம் ஏது? கண் வடிவப் புள்ளி பரவத் தொடங்கிவிட்டால் சூடோமோனாஸை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வேளாண் அலுவலரிடம் கேட்டு, குலை நோய்க்கான பூஞ்சாணக் கொல்லியை அடிப்பதே சரி. இதைச் சொல்லத் தயங்கினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இன்னொரு காரணம் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கலாம். முள்ளங்கி வாடல் நோயில் நெதர்லாந்தில் செய்த சோதனையில், ஒரு கிராம் வேருக்குச் சுமார் 1 லட்சம் பாக்டீரியா இருந்தால்தான் நோய் குறைந்தது. அதற்குக் கீழே போனால் பலன் இல்லை. பேசில்லஸ் பாக்டீரியா வித்தாக மாறி வெயிலையும் வறட்சியையும் தாங்கிவிடும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி கிடையாது. கடை வாசலில் வெயிலில் காய்ந்த பொட்டலமும் தேதி முடிந்த பொட்டலமும் வெறும் டால்க் பவுடர்தான். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை நிழலில் வையுங்கள். தாமிரப் பூஞ்சாணக் கொல்லியோடும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடும் ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள்.

அளவு: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறட்டும். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு முளை கட்டி விதையுங்கள். நாற்றுப் பறித்ததும் ஏக்கருக்கு ஒரு கிலோ கணக்கில் பொடி கரைத்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து நடலாம். நட்ட 30ஆம் நாள் இன்னொரு கிலோவைத் தொழுவுரத்தோடு கலந்து வயலில் தூவுங்கள். உங்களுக்கு மூன்று கட்டத்துக்கும் வசதிப்படாவிட்டால் விதை நேர்த்தியை மட்டுமாவது விடாதீர்கள். பயிர் பிறக்கும்போதே பாக்டீரியா வேரில் இடம் பிடித்துக்கொள்ளும்.

யூரியாவையும் கவனிக்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் பி.பி.டி. போன்ற குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகத்தில் இலை மெத்தென்று ஆகி, பூஞ்சாணத்துக்கு வழி விட்டுவிடும். எந்தப் பாக்டீரியாவாலும் அதை ஈடுகட்ட முடியாது. இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள்.

பொடி மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களையும் பயிர் தேடிக்கொள்கிறது. 2018இல் உட்ரெக்டில் பெரெண்ட்சன் குழுவினர் அடிச்சாம்பல் நோய் தாக்கிய அரபிடோப்சிஸின் வேரை ஆராய்ந்தார்கள். அங்கே குறிப்பிட்ட மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் பெருகியிருந்தன. அதே மண்ணில் அடுத்து வளர்த்த செடிகள் அந்த நோயைக் கூடுதலாகத் தாங்கின. வயலில் தொழுவுரமும் பசுந்தாளும் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணில் பலவகை உயிர்கள் இருந்தால்தான் பயிருக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். சோதனைச் செடி நெல் இல்லை என்பதால் உங்கள் வயலில் இதே அளவுக்கு நடக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

இந்த வருடம் ஒரு மா நிலத்தை மட்டும் சூடோமோனாஸ் இல்லாமல் விட்டுவிடுங்கள். ரகம், உரம், நடவு நாள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். தை மாதம் இரண்டு பக்கமும் இறங்கி, குலை கருகிய கதிர்களை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.