புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ் கேட்டு வந்தால்

லேப்டாப் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பெட்டி பிரித்த வாசனைகூடப் போகாத லேப்டாப்பைக் கொண்டுவந்து, "இதில் இருக்கிற விண்டோஸை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. 2007இல் விஸ்டா வந்தபோது எக்ஸ்பி கேட்டார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 7 கேட்டார்கள். இப்போது 11ஐ எடுத்துவிட்டு 10 கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவரை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அந்தப் பழைய விண்டோஸை வைத்துத்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. கைக்குப் பழகியதை விட மனம் வராது. அதற்காக, கேட்டதும் பென் டிரைவைச் செருகிவிடவும் கூடாது. எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதை முடிவு செய்வது அந்த லேப்டாப்புக்குள் இருக்கும் பாகங்கள்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

1. முதலில் ஏன் என்று கேளுங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, எது செய்யும்போது சிரமமாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கிறது என்பார் ஒருவர். டாஸ்க்பார் அமைப்புக்குள் போய் இடப்பக்கம் நகர்த்த அரை நிமிடம் போதும். ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் வரவில்லை என்பார் இன்னொருவர். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் அது வரும். "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று வருபவரின் லேப்டாப்பைத் திறந்தால், கம்பெனியே போட்டு அனுப்பிய சோதனைக்கால ஆன்டிவைரஸும் தேவையற்ற செயலிகளும் நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்கும். 4 ஜிபி ராம் என்பது விண்டோஸ் 11க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. அதில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. அங்கே ராம் கூட்டுவதுதான் மருந்து. இந்த மாதிரி ஆட்களை விண்டோஸ் மாற்றாமலே மகிழ்ச்சியாக வீட்டுக்கு அனுப்பலாம். வருமானம் குறையுமே என்று நினைக்காதீர்கள். அவர் நாளைக்கு நான்கு பேரை அழைத்து வருவார்.

2. பழைய மென்பொருள் ஓடவில்லை என்று வருபவரிடம் கூடுதல் பொறுமை வேண்டும். அச்சகம், டிடிபி கடை, பழைய கணக்கு மென்பொருளை விடாமல் வைத்திருக்கும் மொத்த வியாபாரி என்று இவர்களில் பல வகை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் பல ஆண்டுகளாகச் சேர்த்த கோப்புகள் இருக்கும். அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் 11இலும் திறக்கும். சிக்கல் தருவது பெரும்பாலும் பழைய தட்டச்சு மென்பொருளும், பழைய பிரிண்டரின் டிரைவரும்தான்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டாஸ் காலத்து மென்பொருளும், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருளும் 64 பிட் விண்டோஸ் எதிலும் நேரடியாக ஓடாது. 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 11ஐ எடுத்துவிட்டு 64 பிட் விண்டோஸ் 10 போட்டாலும், 64 பிட் 7 போட்டாலும் அவருக்கு ஒரு பயனும் இல்லை. நாள் முழுக்க வேலை செய்து கொடுத்த பிறகு அதே பிழைச் செய்திதான் வந்து நிற்கும். இப்படிப்பட்டவருக்கு நான் சொல்லும் வழி, விண்டோஸ் 11 இருந்தபடியே இருக்கட்டும், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு ஒரு 32 பிட் பழைய விண்டோஸை ஓடவிடுவது. வீட்டை இடிக்காமல் உள்ளேயே தாத்தாவுக்கு ஓர் அறை ஒதுக்குவது போலத்தான். அந்த அறைக்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள். பழைய விண்டோஸுக்கு உரிமம் தனியாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

3. உரிமத்தைப் பாருங்கள். விண்டோஸ் 11 ப்ரோவோடு வந்த லேப்டாப் என்றால், 10 ப்ரோவுக்கு இறங்கும் உரிமை அந்த உரிமத்திலேயே இருக்கிறது. ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை; நம் ஊரில் வீட்டுக்கு வாங்கும் லேப்டாப்களில் ஹோம்தான் அதிகம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து உரிம எண் மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே பதிந்து வருகிறது. ஸ்டிக்கரைத் தேடி லேப்டாப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் உலவும் கிராக் மென்பொருளை எக்காரணத்துக்காகவும் வாடிக்கையாளர் லேப்டாப்பில் ஓட்டாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறீர்கள். அந்த லேப்டாப்பில்தான் அவர் நாளை வங்கிக் கணக்கைத் திறக்கப்போகிறார்.

4. எவ்வளவு பின்னால் போகலாம் என்பதற்கு வருவோம். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி இதற்குள் அடங்கும்.

விண்டோஸ் என்பது அது வெளிவந்த நாளில் இருந்த பாகங்களை மட்டுமே அறியும். பிறகு வந்த பாகத்தை அதற்கு அறிமுகப்படுத்துவது டிரைவர். பாகம் தயாரித்த கம்பெனி பழைய விண்டோஸுக்கு டிரைவர் எழுதவில்லை என்றால் அங்கேயே கதை முடிந்தது. எக்ஸ்பி சிடியைப் புது சாட்டா ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் போட்டால், நீலத்திரையில் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுவிடும். ஏஹெச்சிஐ முறை அந்த சிடிக்குத் தெரியாது. பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றிச் சமாளித்தோம். அப்போது மாற்ற ஒரு வழி இருந்தது.

விண்டோஸ் 7க்கு வந்த சிக்கல் இதைவிடப் பெரிது. 2009இல் வந்த அந்த வட்டில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. 2015இல் வந்த இன்டெல் 6ஆம் தலைமுறைச் சிப்செட்களில் பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். விளைவு, விண்டோஸ் 7 நிறுவும் திரை வரும், மவுஸ் நகராது, பென் டிரைவையும் கண்டுகொள்ளாது. என்விஎம்இ எஸ்எஸ்டியும் அதற்குத் தெரியாது. இன்டெல் 7ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் இவற்றுக்கெல்லாம் விண்டோஸ் 10தான் தொடக்கம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2017இல் அந்தப் பிராசசர்களில் ஓடும் 7க்கு அப்டேட்டையும் நிறுத்தியது. டிரைவரை வட்டுக்குள் திணித்து ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடவைப்பது வேறு, ஒருவர் நம்பி வேலை செய்யும்படி கொடுப்பது வேறு. இன்றைய புது லேப்டாப்பில் 7 கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

10க்கு இறங்குவது அவ்வளவு கடினம் இல்லை. ஆனாலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் எதுவும் இல்லை என்று காட்டும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பதறி வாடிக்கையாளரையும் பயமுறுத்தாதீர்கள்; இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து அந்த இடத்தில் ஏற்றினால் டிஸ்க் தெரியும். இரண்டாவது, 12ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை வந்துவிட்டன. எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று பிராசசர் சொல்வதைக் கேட்டுப் பங்கிடும் வித்தை விண்டோஸ் 11க்காகவே செய்யப்பட்டது. 10இல் அந்த அளவுக்கு இல்லை. மூன்றாவது வைஃபை. 6இ அட்டை இருந்தாலும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 10இல் வேலை செய்யாது. புது லேப்டாப்புக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கை அவர் இழக்கிறார் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இத்தனையும் மனப்பாடம் செய்ய முடியாது. தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு டிரைவர் பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் பதிப்புப் பட்டியலில் 10 இருந்தால் வேலையை எடுங்கள். 11 மட்டுமே இருந்தால் எடுக்காதீர்கள்.

5. திரும்பி வரும் வழி கையில் இல்லாமல் எதையும் அழிக்காதீர்கள். 11க்குள்ளேயே "பழைய பதிப்புக்குத் திரும்பு" என்றொரு பொத்தான் இருக்கிறதாமே என்று சிலர் கேட்பார்கள். அது 10இலிருந்து 11க்கு மேம்படுத்திய லேப்டாப்பில், பத்து நாட்களுக்கு மட்டும் இருப்பது. 11ஓடு பிறந்த லேப்டாப்பில் திரும்பிப் போக எதுவும் இல்லை. ஆகவே ரெகவரி டிரைவ் ஒன்றை முதலில் உருவாக்குங்கள். 32 ஜிபி பென் டிரைவ் இருந்தால் நிம்மதி. அதிலிருந்து லேப்டாப் எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருக்கும் டிரைவர்கள் எல்லாவற்றையும் டிஸ்ம் கட்டளையால் ஒரு ஃபோல்டருக்கு எடுத்து வையுங்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. எஸ்எஸ்டியைக் கழற்ற முடிகிற லேப்டாப் என்றால், அசலைக் கழற்றி ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு, வேறொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் 10 போடுங்கள். திரும்ப வேண்டும் என்றால் ஒரு திருகாணி வேலைதான். லேப்டாப்பைத் திறந்தால் வாரன்டி என்னாகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திருப்புளியை எடுங்கள்.

6. பிட்லாக்கர். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணப் படங்களும் மகளின் புராஜெக்ட்டும் போவது இங்கேதான். இன்றைய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருப்பது சாதாரணம். அப்படி ஒன்று இருப்பதே உரியவருக்குத் தெரியாது. பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ தொட்டால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். சி டிரைவில் மட்டும் புதிதாகப் போட்டாலும், டி டிரைவ் பூட்டியபடியே நின்று அதே கீயைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவரையே உள்நுழையச் சொல்லி, எண்ணை எடுத்துத் தாளில் அச்சிட்டு, கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்த பிறகே பயாஸுக்குள் போங்கள்.

7. நிறுவுவது எளிது. ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பென் டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள். 10க்கு செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே இல்லை. சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

8. முடிந்த பிறகு அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இல்லை என்பதோடு வேலை முடிவதில்லை. வெளிச்சம் கூட்டும் விசை, டச்பேடில் இரண்டு விரல் நகர்வு, கேமரா, மைக், கைரேகை, வெளித்திரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூடியை மூடி இரவு முழுக்க வைத்துக் காலையில் திறங்கள். உறக்கத்திலிருந்து எழாமல் போவதும், மூடிய லேப்டாப் சூடாகி பேட்டரி தீர்ந்துபோவதும் இறக்கிய லேப்டாப்களில் அடிக்கடி பார்ப்பவை. அரை மணி நேரச் சோதனையில் இவை தெரியாது.

9. தேதியைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. 7க்கு அந்த நாள் 2020 ஜனவரி 14. 2023இல் குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு 7ஐக் கைவிட்டது. நிறுவும் கூலியை வாங்கிக்கொண்டு இந்தத் தேதிகளைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. ஒரு பெரியவர் தன் ஓய்வூதியக் கணக்கை அதில் திறப்பார்.

10. ஆப்பிள் லேப்டாப் வந்தால் பேச்சு குறைவு. எந்த மேக்ஓஎஸ்ஸோடு அது வெளிவந்ததோ அதற்கும் முந்தையதைப் போட முடியாது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக்குக்கு பிக் சர்தான் அடிமட்டம். கேட்டலினா கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

11. பில்லில் எழுதுங்கள். எந்தப் பதிப்பு இருந்தது, எந்தப் பதிப்பு போட்டோம், ஆதரவு முடியும் தேதி, வேலை செய்யாமல் போகும் வசதிகள் எவை, எல்லாம் தமிழில், அவர் படிக்கும்படி. ரெகவரி பென் டிரைவில் மாடல் எண்ணை ஒட்டி, பிட்லாக்கர் எண் அச்சிட்ட தாளோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுங்கள். கடையில் நகல் வைத்துக்கொள்ள வேண்டாம்.